முப்பத்தேழாவது முள்

ஒரு காட்டில், மலையடிவாரத்தில், பெரிய ஏரிக்குக் கீழே தாழைப்பள்ளம் என்று ஓர் ஊர் இருந்தது. பேரிலேயே பள்ளம் இருக்கிறது அல்லவா, குழந்தைகளே? மலையில் மழை கொட்டினால் ஏரி நிறையும். ஏரி வழிந்தால் தண்ணீர் நேராக இந்த ஊருக்குத்தான் விருந்துக்கு வரும்.

முயல், ஆமை, கீரி, அணில், காட்டுக்கோழி, கடமான், குரங்கு என்று அங்கே மொத்தம் முப்பத்தேழு பேர் குடியிருந்தார்கள். காட்டு ராஜா சிங்கம் இருந்ததோ தலைமலையில். அது ஒன்றரை நாள் நடை. அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு தாழைப்பள்ளத்தில் யார் வளை ஒழுகுகிறது என்று ராஜா பார்க்க முடியுமா? அதனால், "உங்கள் ஊருக்கு ஒரு தலைவரை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்" என்று சிங்கம் சொல்லியிருந்தது.

முந்தைய வருஷம் மயில்தான் தலைவர். அழகான தலைவர், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் மேகத்தைக் கண்டால் அதற்குக் கால் நிற்காது. ஏரி வழிந்தபோதும் தோகையை விரித்து ஆடிக்கொண்டே இருந்தது. வயிற்றில் தண்ணீர் பட்ட பிறகுதான், "என்ன இது, ஈரமாக இருக்கிறதே!" என்று குனிந்து பார்த்தது.

அந்த முறை ஊரே இரண்டு நாள் மரக்கிளைகளில் தொங்கியது. ஆமை தொங்கிய கதையைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் சிரிப்பார்கள். ஆமை மட்டும் சிரிக்காது.

தண்ணீர் வடிந்ததும் ஊர் கூடியது. "ஆடத் தெரியாத ஒருத்தரைத் தலைவராக்குங்கப்பா" என்றது ஆமை. எல்லாரும் முள்ளம்பன்றியைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு ஆடவும் வராது, பாடவும் வராது. கேள்வி கேட்க மட்டும் நன்றாக வரும்.

தலைவியான மறுநாளே முள்ளம்பன்றி வீடு வீடாகக் கிளம்பிவிட்டது. "உங்க வீட்டுல எத்தனை பேர்? வாசல் எந்தப் பக்கம்? குட்டி நடக்குமா, தூக்கணுமா? பாட்டிக்குக் காது கேக்குமா?"

"முள்ளக்கா வருது, ஓடு!" என்று முயல் பின்வாசல் வழியாக ஓடும். "உனக்குப் பின்வாசல் இருக்குன்னு தெரியும்டா" என்று முள்ளம்பன்றி முதலிலேயே பின்வாசலில் போய் உட்கார்ந்திருக்கும். முயல் நேராக வந்து அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

எல்லாரையும்விடச் சலித்துக்கொண்டது எறும்புத்தின்னிதான். அது இரவெல்லாம் எறும்பும் கறையானும் தேடித் தின்றுவிட்டு, விடிந்ததும் வளைக்குள் போய், வாசலை உள்ளிருந்தே மண்ணால் அடைத்துக்கொண்டு தூங்கும். அந்த நேரம் பார்த்து முள்ளம்பன்றி மண்ணைப் பிறாண்டும்.

"வாசல் இது ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். புங்க மரத்துக்குக் கிழக்கே பதினெட்டு அடி. பின்வாசல் எதுக்கு? நான் என்ன திருடனா?"

"எங்கே படுப்பே?"

"கடைசியில. வாசலுக்கு வடக்கே, கறையான் புத்துக்கு அடியில. பசிச்சா நாக்கை நீட்டினா போதும், சாப்பாடு."

"அப்போ படுக்கிற இடத்தை இன்னும் ரெண்டு முழம் மேலே ஏத்தித் தோண்டிக்கோ. தண்ணி வந்தா பள்ளம்தான் முதல்ல நிறையும்."

"அக்கா, எனக்குத் தூக்கம் வருது."

"தோண்டிட்டுத் தூங்கு."

அடுத்த மாதமும் முள்ளம்பன்றி வந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தது. நச்சரிப்புத் தாங்காமல் எறும்புத்தின்னி இரண்டு முழம் மேலே தோண்டிக்கொண்டது. "நீயும் ராத்திரி சுத்துற ஜாதிதானே அக்கா? பகல்ல தூங்க மாட்டியா?" என்று கேட்டது.

"தலைவியான அன்னிக்கே என் தூக்கம் போச்சு" என்று சொல்லிவிட்டு முள்ளம்பன்றி அடுத்த வீட்டுக்கு நடந்தது.

ஊருக்கு வடக்கே நாவல் மேடு என்று ஒரு மேடு உண்டு. எவ்வளவு வெள்ளம் வந்தாலும் அது முழுகாது. "மாசம் ஒரு நாள் எல்லாரும் மேட்டுக்கு ஏறிப் பழகணும். அதுதான் ஒத்திகை" என்று முள்ளம்பன்றி அறிவித்தது.

முதல் ஒத்திகைக்கு வந்தது ஆமை மட்டும்தான். அதுவும் மறுநாள்தான் வந்து சேர்ந்தது.

முள்ளம்பன்றி ஒரு நாள் முழுக்க யோசித்தது. அடுத்த மாதம் அது வேறு விதமாக அறிவித்தது: "மேட்டுக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு பழம்!"

அவ்வளவுதான். ஊரே மேட்டில் நின்றது. இலந்தையோ, நாவலோ, சீத்தாவோ, அந்தந்த மாதம் எது பழுக்கிறதோ அது. மரங்கொத்தி உளுத்த மரத்தில் டொக்கு டொக்கென்று கொட்டினால் போதும், எல்லாரும் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். கடமான் ஆமையை முதுகில் ஏற்றிக்கொண்டு பறக்கும். யாருக்கும் அது பயிற்சியாகவே தெரியவில்லை, திருவிழாவாகத்தான் தெரிந்தது. கண்ணைக் கட்டிவிட்டால்கூட மேட்டுக்கு வழி தெரியும் என்ற அளவுக்கு ஊர் தேறிவிட்டது.

யார் வந்தார், யார் வரவில்லை என்று அறிய முள்ளம்பன்றி ஓர் ஏற்பாடு செய்தது. தன் உடம்பிலிருந்து உதிர்ந்த முட்களில் முப்பத்தேழை எடுத்து மேட்டில் வரிசையாக நட்டது. ஆளுக்கு ஒரு முள். வந்தவர் தன் முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரு பழம் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த முள் நிற்கிறதோ அந்த வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஊரில் ஒரு குரங்கு இருந்ததே!

வரிசையில் கடைசி முள், முப்பத்தேழாவது, எறும்புத்தின்னியுடையது. பட்டப்பகலில் தூக்கத்தை விட்டு மேடேறி வர அதற்கு மனமே இல்லை. "எனக்குப் பதில் நீயே என் முள்ளைப் பிடுங்கிடுப்பா. பழத்தையும் நீயே வச்சுக்கோ" என்று அது குரங்கிடம் சொன்னது. குரங்கு பழத்தை வேண்டாம் என்று சொல்லுமா? மாதா மாதம் இரண்டு முள் பிடுங்கியது, இரண்டு பழம் தின்றது. தரையில் ஒரு முள்கூட மிச்சமில்லாததைப் பார்த்து முள்ளம்பன்றி பூரித்துப்போனது.

ஐப்பசி வந்தது. மலையில் நான்கு நாள் விடாமல் மழை. ஏரி வாய்க்கால் கரையில் முள்ளம்பன்றி கீழும் நடுவும் மேலுமாக மூன்று முள் குத்தி வைத்திருந்தது. முதல் முள் முழுகியபோது, "தின்பண்டத்தை மேலே எடுத்து வைங்க" என்றது. இரண்டாவது முழுகியபோது, "யாரும் தூரமாப் போகாதீங்க" என்றது. மேட்டில் முட்களை மறுபடி நட்டு, பழங்களையும் கொண்டுபோய் வைத்தது. நான்காம் நாள் காலை பத்து மணி இருக்கும், மூன்றாவது முள்ளும் கண்ணை விட்டு மறைந்தது.

முள்ளம்பன்றி வாலைச் சிலிர்த்துச் சலசலவென்று ஆட்டியது. அதுதான் அடையாளம். மரங்கொத்தி கொட்டத் தொடங்கியது. டொக்கு டொக்கு டொக்கு!

"இந்த மாசம் ரெண்டாவது தடவையா! அடிச்சது யோகம்!" என்று முயல் துள்ளிக்கொண்டு ஓடியது. பாதி வழியில்தான் கால் நனைவதைக் கவனித்தது. அப்போதும் அது பயப்படவில்லை, பழக்கப்பட்ட கால் தானாகவே மேட்டுக்கு ஏறியது. கடமான் ஆமையோடு வந்தது. காட்டுக்கோழி பதினோரு குஞ்சுகளையும் ஓட்டிக்கொண்டு வந்தது. மயிலும் வந்தது. தோகை நனைந்து கனத்ததால் அன்றைக்கு அதற்கு ஆடத் தோன்றவில்லை.

முள்ளம்பன்றி மேட்டடியில் நின்றுகொண்டு, "இப்படி வா! அந்தப் பக்கம் வழுக்கும்!" என்று எல்லாரையும் ஏற்றிவிட்டுக் கடைசியாகத் தன் குண்டு உடம்பைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. வந்ததும் முள் வரிசையைப் பார்த்தது. தன் முள் ஒன்றுதான் நின்றது. அதையும் பிடுங்கிப் போட்டு எண்ணியது. முப்பத்தேழு!

"எல்லாரும் வந்தாச்சு!" என்று கத்தியது. மேடு முழுக்க ஒரே ஆரவாரம். கீழே ஏரி உடைத்துக்கொண்டு வந்த தண்ணீர் ஊரை மூடியது. மேலே எல்லாரும் சீத்தாப்பழம் தின்றார்கள்.

அந்த நேரத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு யானை வந்தது. அதன் முதுகில் ஒரு நரி, நரியின் கையில் ஒரு தேக்கிலை. சிங்கம் அனுப்பிய ஆட்கள். மலையில் மழை பிடித்த மறுநாளே புறப்பட்டவர்கள்.

"தலைமலை ராஜாவின் உத்தரவுப்படி வந்துள்ளோம்" என்றது நரி. "தாழைப்பள்ளத்து எண்ணிக்கை என்ன?"

"முப்பத்தேழு பேர். முப்பத்தேழு பேரும் பத்திரம்" என்றது முள்ளம்பன்றி. சொல்லும்போதே அதற்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

நரி தேக்கிலையில் நகத்தால் கீறி எழுதிக்கொண்டது. "மிக்க மகிழ்ச்சி. இங்கே வேலை முடிந்தது. யானையாரே, அடுத்த ஊருக்குத் திரும்பும்."

யானை திரும்பத் தொடங்கியது.

குரங்கு பாறையில் உட்கார்ந்து இரண்டாவது பழத்தைப் பிளந்துகொண்டிருந்தது. மரங்கொத்தி கொட்டியதும் ஓடி வந்தது, வழக்கம்போல இரண்டு முள் பிடுங்கியது, வழக்கம்போல இரண்டு பழம் எடுத்தது. யோசிக்கவே இல்லை. இப்போது ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டே ஊரைப் பார்த்தது. புங்க மரத்தின் அடிமரத்தைத் தண்ணீர் மூடியிருந்தது. சுளையைத் துப்பிவிட்டு எழுந்தது.

"முள்ளக்கா!"

"என்னடா?"

"முப்பத்தேழு இல்லைக்கா. முப்பத்தாறு." குரங்கு பழத்தை நீட்டியது. "இது எறும்புத்தின்னியோட பழம். அவன் முள்ளை எப்பவும் நான்தான் பிடுங்குவேன். அவன் வளையில தூங்கிட்டு இருக்கான்."

முள்ளம்பன்றியின் முட்கள் எல்லாம் சிலிர்த்து நின்றன. அடி விழப்போகிறது என்று குரங்கு கண்ணை மூடிக்கொண்டது.

ஆனால் முள்ளம்பன்றிக்குக் குரங்கின்மேல் வந்ததைவிடத் தன்மேல்தான் அதிகக் கோபம் வந்தது. முள்ளை எண்ணினேனே, முகத்தைப் பார்த்தேனா? அந்த முகத்தை மேட்டில் ஒரு தடவையாவது பார்த்திருக்கிறேனா? ஆனால் உட்கார்ந்து வருந்த அது நேரமில்லை.

"திட்டறது நாளைக்கு. இப்போ என்கூட வா" என்று குரங்கைப் பிடித்து இழுத்தது. "யானையாரே, நில்லுங்க! ஒருத்தன் உள்ளே இருக்கான்!"

நரி இலையை உயர்த்திக் காட்டியது. "முப்பத்தேழு என்று எழுதியாகிவிட்டது அம்மணி. எழுதியதை அழிக்கும் வழக்கம் இல்லை."

"இலையை நீங்களே வச்சுக்குங்க. யானையை மட்டும் எனக்குக் குடுங்க."

யானை நரியைத் தும்பிக்கையால் சுற்றி எடுத்து நாவல் மரக்கிளையில் உட்கார வைத்தது. "ஏறு தாயி. அந்த முள்ளை மட்டும் கொஞ்சம் படுக்க வச்சுக்கோ" என்றது.

முள்ளம்பன்றியும் குரங்கும் ஏறிக்கொண்டன. யானை வெள்ளத்தில் இறங்கியது. நாலாபுறமும் செந்தண்ணீர். வளை எங்கே, வழி எங்கே, ஒன்றும் தெரியவில்லை.

"எனக்கு மலையைப் புரட்டச் சொன்னாலும் புரட்டுவேன் தாயி" என்றது யானை. "எங்கே புரட்டணும்னுதான் தெரியலை."

"எனக்குத் தெரியும்" என்றது முள்ளம்பன்றி. மாதம் தவறாமல் போய்ப் பிறாண்டிய வாசல் அல்லவா! "புங்க மரத்துக்குப் போங்க. அங்கேயிருந்து கிழக்கே என் நடையில பதினெட்டு அடி. உங்க நடையில ரெண்டு. அதுதான் வாசல். அது முழுகிப்போச்சு, விடுங்க. அங்கேயிருந்து வடக்கே ஒரு அடி வைங்க. அவ்வளவுதான், நில்லுங்க!"

யானை தும்பிக்கையால் துழாவியது. அதோ, தண்ணீருக்கு மேலே ஒரு சாண் தலையை நீட்டிக்கொண்டு ஒரு கறையான் புற்று!

"மிதிச்சு உடைக்கட்டுமா?"

"ஐயோ, மிதிக்காதீங்க! அடியில அவன் படுத்திருக்கான். உச்சியில மட்டும் கொம்பால கிளறுங்க."

யானை கொம்பு நுனியால் மெல்லக் கிளறியது. மண் பெயர்ந்தது, துளை விழுந்தது. உள்ளே, இரண்டு முழம் மேலே ஏற்றித் தோண்டிய இடத்தில், அடைபட்டிருந்த காற்று புஸ்ஸென்று வெளியே பாய்ந்தது. அதோடு அடியிலிருந்து தண்ணீர் களகளவென்று மேலே ஏறும் ஓசையும் கேட்டது.

"குரங்கே, சீக்கிரம்!"

குரங்கு தலைகீழாகத் தொங்கித் துளைக்குள் கையை விட்டது. தோள் வரைக்கும் விட்டது. "எட்டலைக்கா... எட்டலை... வால்! வால் கிடைச்சுடுச்சு!"

"விடாதே!"

யானை தும்பிக்கையால் குரங்கின் இடுப்பைச் சுற்றி இழுத்தது. குரங்கு வாலை இழுத்தது. அடியில் ஏறி வந்த தண்ணீரும் தன் பங்குக்குத் தள்ளிவிட்டது. சளக்கென்று செதில் உருண்டை ஒன்று வெளியே வந்து விழுந்தது. எறும்புத்தின்னி சுருண்டு பந்தாகக் கிடந்தது. முள்ளம்பன்றி காதை வைத்துக் கேட்டது.

கொர்ர்... கொர்ர்...

"குறட்டை!" என்றது முள்ளம்பன்றி. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "பாவி, இன்னும் தூங்கறான்!"

மேட்டில் இறக்கி வைத்ததும் பந்து மெதுவாகப் பிரிந்தது. எறும்புத்தின்னி ஒற்றைக் கண்ணைத் திறந்தது. யானையைப் பார்த்தது. மரக்கிளையில் உட்கார்ந்திருந்த நரியைப் பார்த்தது. கடைசியில் குரங்கைப் பார்த்து முறைத்தது.

"ஒத்திகைக்கு என்னை எழுப்பக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன் இல்லே?"

மேடு அதிரச் சிரித்தார்கள். ஆமைகூடச் சிரித்தது. "இது ஒத்திகை இல்லடா, திரும்பிப் பாரு" என்றது குரங்கு. எறும்புத்தின்னி திரும்பிப் பார்த்தது. தன் வீடு இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. அதன் செதில்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடும் அளவுக்கு உடம்பு நடுங்கியது. மெல்ல நகர்ந்து முள்ளம்பன்றியின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. முள் குத்தியும் நகரவில்லை.

"இனிமே உன்னைத் தூங்கவிட்டாத்தானே!" என்று முள்ளம்பன்றி அதன் தலையைத் தடவியது. "ஒவ்வொரு ஒத்திகைக்கும் உன்னை எழுப்பிக் கூட்டிட்டு வர்றது குரங்கோட வேலை. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச தப்புக்கு அதுதான் தண்டனை. எண்ணறது என் வேலை. இனிமே முள்ளை எண்ண மாட்டேன். ஒவ்வொரு மூஞ்சியா பார்த்துத்தான் எண்ணுவேன்."

பிறகு கீழே கிடந்த முட்களிலிருந்து முப்பத்தேழாவதைத் தேடி எடுத்து மறுபடி நட்டது. "எங்கே, நீயே பிடுங்கு, பார்க்கலாம்."

எறும்புத்தின்னி தன் முள்ளைத் தன் கையாலேயே பிடுங்கியது. முள்ளம்பன்றி அதன் முகத்தை உற்றுப் பார்த்து, "முப்பத்தேழு!" என்றது. மரக்கிளையிலிருந்த நரி சத்தமில்லாமல் எழுத்தை அழித்துவிட்டு மறுபடியும் அதே எண்ணை எழுதிக்கொண்டது. இந்தத் தடவை எழுதியது உண்மை.

குரங்கு தலையைக் குனிந்துகொண்டு தன்னிடம் இருந்த பழத்தை நீட்டியது. "உன் பங்கு. ஒரு சுளைதான் குறையுது. இத்தனை மாசமா உன் பழத்தை எல்லாம் தின்னுட்டேன். மன்னிச்சுக்கோ."

"எனக்கு எதுக்குப் பழம்?" என்றது எறும்புத்தின்னி. "நான் என்ன பழம் தின்ற ஜாதியா? கீழே வை."

குரங்கு குழப்பத்தோடு கீழே வைத்தது. எறும்புத்தின்னி பழத்துக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தது. வெள்ளத்துக்குப் பயந்து ஊர் எறும்புகள் எல்லாம் அதே மேட்டில்தான் ஏறியிருந்தன. கொஞ்ச நேரத்தில் இனிப்பு வாசனைக்கு ஒன்று வந்தது. பின்னால் ஒரு படையே வந்தது.

"அடடா!" என்றது எறும்புத்தின்னி, நாக்கைச் சுழற்றிக்கொண்டு. "மேட்டுல இப்படி ஒரு விருந்து நடக்குதுன்னு ஒருத்தராவது என்கிட்ட சொன்னீங்களா?"

நீதி: ஊரைக் காப்பது ஏட்டில் எழுதிய எண்ணிக்கை அல்ல, ஒவ்வொரு வீட்டு வாசலையும் அறிந்து, ஒவ்வொரு முகத்தையும் பார்த்து எண்ணும் உள்ளூர்த் தலைமையே.